சந்தர்ப்பத்தோடு சேர்த்து எழுதுங்கள்: நீலகிரியில் வாய்மொழிக் கதைகளையும் சொலவடைகளையும் பதிவு செய்யும் முறை

நீலகிரியில் வாழும் ஒருவர் தம் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து கதைகளையும் சொலவடைகளையும் கேட்டுப் பதிவு செய்ய விரும்பினால் அதற்குப் பட்டப்படிப்போ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. ஒழுங்கு மட்டும் தேவை. கைப்பேசியில் பாட்டியின் குரலைப் பிடித்து வைத்திருக்கும் வீடுகள் இன்று இந்த மலையில் ஏராளமாக உள்ளன. ஆனால் அந்தப் பதிவை இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேட்கும்போது, பேசியவர் எந்த ஊரில் பிறந்தவர், யாரிடம் பேசிக்கொண்டிருந்தார், எதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அந்தக் கதையைச் சொன்னார் என்பவற்றைப் பெரும்பாலும் யாராலும் சொல்ல முடிவதில்லை. அப்படிப்பட்ட பதிவு ஒரு நினைவுப் பொருளாக இருக்குமே தவிர வரலாற்றுச் சான்றாக இருக்காது. ஆகவே இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்போவது ஒன்றுதான்: எந்தக் கதையையும் எந்தச் சொலவடையையும் அது சொல்லப்பட்ட சந்தர்ப்பத்தோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

இதன் அவசியத்தை ஒரு மழைச் சொலவடையே காட்டிவிடும். ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்பது தமிழ்நாடு முழுவதும் வழங்குவது. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அது அப்படியே பொருந்தும். கிழக்குச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் மண்சரிந்து பலர் உயிரிழந்ததும் ஐப்பசி மாதத்தில்தான். மேற்கே தேவாலா, பந்தலூர், அவலாஞ்சி என்று போனால் கதை வேறு. அங்கே ஆடியில்தான் வானம் கொட்டுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தபோது நடந்தது ஆடி மாதம். எனவே தேவாலாவில் ஒரு பாட்டி ஐப்பசி அடைமழையைப் பற்றிய சொலவடையைச் சொன்னால், அது அந்த மண்ணில் விளைந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. ‘இங்கே ஐப்பசியிலே அவ்வளவு மழை உண்டா பாட்டி?’ என்று நாம் ஒரு கேள்வி கேட்டால், அவர் தாய் எந்தச் சமவெளி ஊரிலிருந்து எந்தப் பஞ்சத்தில் மலையேறி வந்தார் என்ற குடும்ப வரலாறு அதைத் தொடர்ந்து வரக்கூடும். சொலவடையை மட்டும் எழுதிக்கொண்டு எழுந்துவிட்டால் அந்த வரலாறு கிடைக்காது. கிறித்தவப் போதகராக வந்த பீட்டர் பெர்சிவல் 1874-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் ஒவ்வொரு பழமொழியையும் யார், எங்கே, எதற்காகச் சொன்னார் என்பது அத்தகைய அகரவரிசைத் தொகுப்புகளில் இடம்பெறுவதில்லை. பழமொழிகளின் வாசகங்கள் ஏற்கெனவே நூல்களில் உள்ளன. இனி நாம் சேர்க்க வேண்டியது சந்தர்ப்பத்தைத்தான்.

ஒரு சொலவடைக்கான பதிவை எப்படி அமைக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரியைத் தருகிறேன். முதல் வரியில் சொன்னபடியே வாசகம்: ‘ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்.’ அடுத்து, சொன்னவர் எழுபது வயது கடந்த பெண், வாழ்வது கேத்திப் பள்ளத்தாக்கில், பிறந்த வீடு சத்தியமங்கலம் பக்கம். உடனிருந்தவர்கள் மூத்த மகன், பேத்தி, பதிவு செய்பவர். சந்தர்ப்பம்: கேரட் விலை இறங்கியதால் ஊரில் பெரிய தோட்டக்காரர் ஒருவரே நிலத்தை விற்கிறார் என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவனுக்கு நேராகப் பதில் சொல்லாமல் பேத்தியின் பக்கம் திரும்பிச் சொன்னது. அவரே தந்த விளக்கம்: பெரியவர்களையே அசைக்கும் காலம் இது, நாம் கடன் வாங்கிப் பயிர் வைக்க வேண்டாம். யாரிடம் கேட்டது: மாமியாரிடம். இத்தனையும் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். ஆனால் அந்த அரைப் பக்கத்தில் ஒரு காலத்தின் காய்கறி விலையும், மகனைக் கண்டிக்காமல் கண்டிக்கும் ஒரு தாயின் முறையும், மாமியார் வழியாக மருமகளுக்குச் சொல் இறங்கி வந்த பாதையும் பதிவாகிவிடுகின்றன.

யாரிடம், எந்த மொழியில்

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடிகளும், ஊர் ஊராகப் பரவியிருக்கும் படுகர்களும், சமவெளியிலிருந்து பிழைப்புக்காக ஏறிய தமிழ்க் குடும்பங்களும், 1964-ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் குடியமர்ந்த தாயகம் திரும்பியோரும் இந்த ஒரே மாவட்டத்தில் வாழ்கிறார்கள். அனைவருக்கும் தமிழ் ஓரளவு தெரியும் என்பதே நம்மை ஏமாற்றும். தமிழில் கேட்டால் தமிழில்தான் பதில் வரும், அதுவும் சுருக்கமாக வரும். தம் மொழியில் அரை மணி நேரம் பாடக்கூடிய ஒரு முதியவர், தமிழில் கேட்பவரிடம் ‘அது ஒரு எருமையைப் பத்தின பாட்டு’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைக் களத்தில் ஆராய்ந்த மொழியியலாளர் எம்.பி. எமனோ, தோடர் பாடல்கள் இணை இணையாக அமைந்த நிலைத்த தொடர்களால் கட்டப்படுகின்றன என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். பாடுபவர் தம் முன்னோர் கையாண்ட அந்த இணைத்தொடர்களைக் கொண்டே நேற்று நடந்த திருமணத்தைப் பற்றியும் இன்று கட்டிய வீட்டைப் பற்றியும் புதிதாகப் பாட முடியும். தமிழ்ச் சுருக்கத்தில் அந்தக் கட்டுமானம் முழுவதுமாக மறைந்துபோகும். எனவே அந்தந்தச் சமூகத்தைச் சேர்ந்த பேரனோ பேத்தியோ கேட்பவராக இருக்கட்டும். மொழி தெரியாத நாம் பதிவுக் கருவியைப் பார்த்துக்கொள்பவராக மட்டும் இருப்போம். மொழிபெயர்ப்பைப் பிறகு, கதை சொன்னவரையும் உடன் வைத்துக்கொண்டு செய்யலாம்.

ஒரு நிகழ்வைப் பற்றி ஒரே சமூகத்திடம் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வதும் போதாது. கோத்தர் இரும்புக் கருவிகளும் பானைகளும் இசையும், தோடர் நெய்யும், குறும்பர் தேனும் காட்டுப்பொருள்களும், படுகர் தானியமும் தந்து ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்த மலை இது. அந்தக் கொடுக்கல் வாங்கல் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தளர்ந்துவிட்டாலும் அதன் நினைவு ஒவ்வொரு சமூகத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் சூனியப் பழி சுமத்தப்பட்டுக் குறும்பர்கள் கொல்லப்பட்ட நிகழ்வுகள் அரசு ஆவணங்களில் பதிவாகியுள்ளன. ஓர் ஊரில் மந்திரவாதிக் கதையாகச் சொல்லப்படுவது இன்னோர் ஊரில் உறவினரை இழந்த நினைவாக இருக்கலாம். இரண்டையும் கேட்காமல் எழுதுவது ஒருவருக்கு அநீதியாகவே முடியும்.

கேட்கும் முறை

‘உங்களுக்குப் பழமொழிகள் தெரியுமா?’ என்று தொடங்கினால் வரக்கூடிய பதில், ‘எனக்கென்ன கண்ணு தெரியும், நான் பள்ளிக்கூடம் போகாதவ’ என்பதுதான். பழமொழியை யாரும் பட்டியலாக நினைவில் வைத்திருப்பதில்லை. வேலையும் சண்டையும் திருமணமும் வரும்போது அது தானாக வாயில் வருகிறது. எனவே வேலையைப் பற்றிக் கேளுங்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவரிடம், ‘அந்தக் காலத்திலே கொழுந்து எடுக்கிறப்ப மழை வந்துட்டா என்ன பண்ணுவீங்க பாட்டி? கங்காணி ஒதுங்க விடுவாரா?’ என்று கேட்டுப் பாருங்கள். வேலையை மேற்பார்த்த கங்காணியைப் பற்றிய பேச்சு வந்தாலே அவரைப் பழித்த பாட்டும், அவருக்குத் தெரியாமல் பேசிக்கொண்ட சாடைப் பேச்சும், ‘லயத்து’ (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாழ்க்கையின் வழக்குகளும் வரிசையாக வரும். உருளைக்கிழங்கு விதைப்பவரிடம் நிலத்தைப் பற்றியும், எருமை வைத்திருப்பவரிடம் மேய்ச்சலைப் பற்றியும், மருமகள் எடுத்தவரிடம் தம் மாமியாரைப் பற்றியும் கேட்கலாம்.

பெரியவர் கைகளுக்கு வேலை இருக்கும் நேரம் நல்ல நேரம். அவரைக்காய் உரிக்கும்போதும், கம்பளி பின்னும்போதும், மாலையில் அடுப்பங்கரையில் குளிர் காயும்போதும் வரும் பேச்சில் இருக்கும் இயல்பு, நாற்காலியில் உட்கார வைத்து ஒலிவாங்கியை நீட்டும்போது வராது. கேள்வி கேட்ட பிறகு அமைதியாக இருக்கப் பழகுங்கள். முதியவர்கள் நினைவைத் திரட்ட எடுத்துக்கொள்ளும் இடைவெளியில் நாம் அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டால் வரவிருந்த கதை நின்றுவிடும். அதே கதையை அடுத்த மாதம் மீண்டும் கேளுங்கள். எந்தப் பகுதி மாறாமல் வருகிறதோ அது மரபாக வந்திருக்கலாம். மாறுகிற பகுதி சொல்பவரின் கைவண்ணமாக இருக்கலாம்.

நூலில் படித்ததைக் கொண்டு சொல்பவரைத் திருத்தவே கூடாது. படுகர்கள் மைசூர்ச் சமவெளியிலிருந்து வந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அதை ஏற்காமல், தாம் இம்மலையின் தொல்குடியினரே என்று சொல்லும் படுகப் பெரியவர்களும் இருக்கிறார்கள். பதிவு செய்பவர் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதி, அதை அவர் யாரிடமிருந்து கேட்டார் என்பதையும் எழுதினால் நம் கடமை முடிந்தது.

இடத்துக்கே போய்க் கேட்பது

இந்த மலையில் பல கதைகள் பாறையோடும் ஓடையோடும் ஒட்டிக்கொண்டிருப்பவை. தோடர்களின் மரபில், இறந்தவரின் ஆன்மா மேற்குத் திசையில் மறுவுலகம் செல்லும் வழியே குறிப்பிட்ட இடங்களின் பெயர்களால் ஆனது. அத்தகைய கதையை வீட்டுத் திண்ணையில் கேட்பதும், சொல்பவருடன் நடந்து அந்தந்த இடத்தில் நின்று கேட்பதும் ஒன்றல்ல. நடக்கும்போது, மறந்துபோன கிளைக்கதைகள் இடத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வருகின்றன.

கோத்தகிரிக்கு அப்பால் உள்ள ரங்கசாமி சிகரத்தின் கதை இதற்கு நல்ல பயிற்சிக் களம். ரங்கசாமி முதலில் சமவெளியில் காரமடையில் வாழ்ந்தார் என்றும், மனைவியோடு ஏற்பட்ட பிணக்கினால் தனியே மலையேறி வந்து இங்கே தங்கிவிட்டார் என்றும், அதற்குச் சான்றாக அரக்கோடு அருகே ஒரு பாறையில் இரண்டு பாதச் சுவடுகள் காட்டப்படுகின்றன என்றும் 1908-இல் வெளியான நீலகிரி மாவட்ட கெசட்டியர் (அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல்) குறித்திருக்கிறது. காரமடைக்குப் போய்வரும் சிரமத்தைத் தவிர்க்கவே மலைமக்கள் இதைப் புனைந்தார்கள் என்ற ஒரு கருத்தும் அங்கேயே பதிவாகியுள்ளது. அந்தக் கருத்து எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஒரு தெய்வம் எந்த வழியாக ஏறி வந்தது என்று மக்கள் சொல்கிறார்களோ, அது பெரும்பாலும் மக்களே உப்புக்கும் சந்தைக்கும் ஏறி இறங்கிய வழியாகவும் இருக்கும். அதைக் கேட்டு வரைபடத்தில் குறிப்பதுதான் பயனுள்ள வேலை. இந்தக் கதையை இருளர் ஒருவரிடமும், படுகர் ஒருவரிடமும், காரமடையில் உள்ள ஒருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். பிணக்கு எதனால் வந்தது, யார் சமாதானம் பேசப் போனார்கள், வழியில் எங்கே தங்கினார் என்ற மூன்று கேள்விகளையும் மூவரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். நூற்றாண்டுக்கு முன் அச்சான வடிவம் கையில் இருப்பதால், கதையில் எது நின்றது, எது தேய்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அச்சில் வந்ததைப் படித்தோ படித்தவர் சொல்லக் கேட்டோ ஒருவர் அதையே திருப்பிச் சொல்கிறாரா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கருவியும் குறிப்பேடும்

கைப்பேசி போதும். ஆனால் அதிலுள்ள ஒலிப்பதிவுச் செயலியின் அமைப்புக்குள் போய், சுருக்கப்படாத வேவ் (WAV) வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆவணக் காப்பகங்கள் பொதுவாக எதிர்பார்ப்பது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரம். ஒற்றை ஒலித்தடத்தில் (மோனோ) ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 எம்.பி. இடம் வேண்டும். பதிவின்போது கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்துவிட்டால் அழைப்பு வந்து பதிவு அறுபடாது. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பி வைத்தால் பாதுகாப்பாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள்; அது ஒலியை மிகவும் சுருக்கிவிடும், தேதியும் பெயரும் குழம்பிவிடும்.

மலையில் முதல் எதிரி தகரக் கூரை. மழை தொடங்கிவிட்டால் எந்தக் குரலும் தெளிவாக விழாது; அப்போது பதிவை நிறுத்தி, கையால் எழுதுங்கள். பதிவின் தொடக்கத்தில் நாள், ஊர், பேசுபவர், உடனிருப்பவர்கள் ஆகியவற்றை நீங்களே உரக்கச் சொல்லிவிடுவது மிக நல்ல பழக்கம்; தாள் தொலைந்தாலும் அது கோப்புக்குள்ளேயே இருக்கும். சந்தர்ப்பத்தை அன்று இரவுக்குள் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள், ஏனென்றால் ஒலிப்பதிவில் விழாத முகக்குறிப்பும் பார்வையும் மறுநாளே நினைவிலிருந்து நழுவத் தொடங்கும்.

எழுத்தில் கொண்டுவருதல்

பேச்சை எழுத்தாக்கும்போது நம் பள்ளித் தமிழ் குறுக்கே வரும். ‘காத்து’ என்பதைக் ‘காற்று’ என்று திருத்தாதீர்கள்; செம்மைப்படுத்திய வடிவம் வேண்டுமானால் இரண்டாவது வரியில் தனியே எழுதுங்கள். தாயகம் திரும்பிய குடும்பங்களின் பாடல்களில் ‘கோப்பிக் கன்று’ வரும். அதைத் தேயிலை என்று மாற்றிவிட்டால், 1869-இல் தொடங்கிய இலைநோயால் இலங்கையில் காப்பி அழிவதற்கு முன்னரே அங்கு போன தலைமுறையின் தடம் அழிந்துவிடும். சமூக ஊடகங்களில் பழமொழிகளுக்கு ‘உண்மையான வடிவம் இதுதான்’ என்று புதுப்புது விளக்கங்கள் சுற்றிவருகின்றன. அவற்றைக் கொண்டு பாட்டி சொன்னதைத் திருத்துவது, சான்றை அழித்துவிட்டு ஊகத்தை வைப்பதாகும்.

தோடர், படுகர் முதலியோரின் மொழிகளில் தமிழ் எழுத்தில் அடங்காத ஒலிகள் உள்ளன. தமிழ் எழுத்தில் இயன்ற அளவு எழுதிக்கொண்டு, எந்த நிமிடத்தில் அந்தச் சொல் வருகிறது என்பதைப் பக்கத்தில் குறித்துவிடுங்கள். பின்னால் மொழி அறிந்த ஒருவர் ஒலியைக் கேட்டுச் சரியான குறியீட்டில் எழுதிக்கொள்வார்.

காலத்தைக் கணித்தல்

‘அந்தக் காலத்தில்’ என்று சொல்பவரிடம் ஆண்டு கேட்டால் கிடைக்காது. நிகழ்வு கேட்டால் கிடைக்கும். குந்தா அணை வேலைகள் நடந்தபோதா, இலங்கையிலிருந்து ஆட்கள் வந்து இறங்கியபோதா, 1978 வெள்ளத்துக்கு முன்னா பின்னா, குறிஞ்சி பூத்த ஆண்டா என்று கேளுங்கள். 2006-இலும் 2018-இலும் பூத்த குறிஞ்சியிலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டாகப் பின்னோக்கி எண்ணலாம் என்றாலும், எல்லாச் சரிவிலும் அது ஒரே ஆண்டில் பூப்பதில்லை என்பதால் அதைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ள வேண்டும். மலை ரயில் 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் வந்தது என்பது போன்ற உறுதியான ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டால் பேச்சோடு பேச்சாகக் கேட்க முடியும்.

கதைக்குள் வரும் பொருளைக் கொண்டு கதையின் வயதைக் கணிப்பதில் மிகுந்த நிதானம் வேண்டும். உருளைக்கிழங்கும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கொய்னா மருந்து தரும் சிங்கோனாவும் 19-ஆம் நூற்றாண்டில் இம்மலைக்கு வந்தவை. அதனால் கற்பூர மரத்தடியில் பேய் நின்றதாக ஒரு கதை வந்தால் அது 200 ஆண்டுக்குள் பிறந்த கதை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முன்பு சோலை மரத்தடியில் நின்ற பேயை, சோலை போய்க் கற்பூர மரம் வந்த பிறகு, சொல்பவர் அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கலாம். அந்தப் பொருள் நமக்குச் சொல்வது இந்த வடிவத்தின் வயதைத்தான். மாறாக, இன்று யாரும் பயிரிடாத ஒரு சிறுதானியமோ, இன்று இல்லாத ஒரு கருவியோ கதையில் விடாப்பிடியாக நின்றால், அது பழமைக்கு வலுவான சான்று. சாமையும் ராகியும் விளைந்த கொல்லைகளைப் பற்றிய வரிகளை அந்த வகையில் கவனியுங்கள்.

பொதுவில் வைக்கக் கூடாதவை

பதிவு தொடங்கும் முன், இது எதற்காக, யார் கேட்பார்கள் என்பதைச் சொல்லி அனுமதி கேளுங்கள். பின்னாளில் வேண்டாம் என்று தோன்றினால் நீக்கச் சொல்லலாம் என்பதையும் சொல்லுங்கள். தோடர்களின் பால்கோயில் (புனித எருமைகளின் பாலைக் கையாளும் கோயில்) வழிபாடு, குலதெய்வ மந்திரம் போன்றவற்றைச் சொல்பவரே தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். ஒப்பாரியைச் ‘சும்மா ஒரு தடவை பாடுங்கள்’ என்று கேட்பது பல வீடுகளில் அபசகுனம்; இறப்பு வீட்டில் பதிவு செய்வதென்றால் குடும்பத்தார் தாமாகக் கேட்டுக்கொண்டால் மட்டுமே செய்ய வேண்டும். தேனடைப் பாறைகள் இருக்கும் இடமும் மூலிகையின் பயன்பாடும் குறும்பர், காட்டுநாயக்கர் குடும்பங்களின் வாழ்வாதாரம். அவற்றைக் கதையோடு சேர்த்து இணையத்தில் ஏற்றிவிட்டால், மறுவாரமே வெளியாள் வண்டியோடு வருவான். சாதிகளையும் பெண்களையும் இழிவுபடுத்தும் சொலவடைகளும் வரும். அவற்றை மறைக்காமல் பதிவில் எழுத வேண்டும் என்பதே என் கருத்து, ஏனெனில் நேற்றைய சமூகம் எப்படிப் பேசியது என்பதும் வரலாறுதான். ஆனால் சொன்னவரின் பெயரோடு அவற்றை வெளியிடுவது அவரைக் கூண்டில் ஏற்றுவதாகும், அதைச் செய்யக் கூடாது.

பாதுகாத்தல்

ஒவ்வொரு கோப்புக்கும் ஆண்டு-மாதம்-நாள், ஊர், வரிசை எண் என்ற ஒழுங்கில் பெயரிட்டு, அதே எண்ணைக் குறிப்பேட்டிலும் எழுதுங்கள். மூன்று படிகள் வேண்டும்: ஒன்று கணினியில், ஒன்று தனி வன்தட்டில், ஒன்று வேறோர் ஊரில் இருக்கும் உறவினரிடம். மலையின் ஈரத்தில் வன்தட்டும் நினைவட்டையும் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து ஒலிக்கச் செய்து பாருங்கள். சொன்னவரின் குடும்பத்துக்கு ஒரு படி கட்டாயம் போய்ச் சேர வேண்டும்; அது அவர்கள் சொத்து. பதிவுகள் ஓரளவு சேர்ந்த பிறகு, உதகை அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தையோ, மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தையோ அணுகி, எந்தப் பகுதியை யார் கேட்கலாம் என்ற நிபந்தனையை எழுத்தில் பெற்றுக்கொண்டு ஒரு படியை ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும்போது ஒலிக்கோப்போடு குறிப்பேட்டின் ஒளிநகலும் சேர்ந்தே போக வேண்டும்.